எந்தப் பக்கமிருந்து வாசிப்பது?

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் மட்சுமோட்டோ என்றொரு கோட்டை நகரம். அங்கே 1876-இல் கட்டப்பட்ட பள்ளிக்கூடத்தின் முகப்பில், இறக்கை முளைத்த இரண்டு குழந்தைகள் பெயர்ப்பலகையைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பலகையில் நான்கே எழுத்துகள். இன்றைய வழக்கப்படி இடமிருந்து படித்தால் பொருளே வராது. வலமிருந்து படித்தால் 'கைச்சி கக்கோ', அதாவது கைச்சிப் பள்ளி. 2019-இல் இந்தக் கட்டடம் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது.

பழைய புகைப்படத்திலோ அஞ்சலட்டையிலோ தெரியும் ஜப்பானியப் பள்ளி எது என்று துப்புத் துலக்குபவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் திசையைத்தான். ஜப்பானிய மரபில் மேலிருந்து கீழாக எழுதி, அடுத்த வரியை அதற்கு இடப்புறம் தொடங்குவார்கள். உயரம் குறைந்த பலகையில் ஒரு வரிக்கு ஓர் எழுத்துதான் கொள்ளும். அதனால்தான் பெயர் வலமிருந்து இடமாக ஓடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வழக்கம் தேய்ந்து மறைந்தது.

அடுத்தது எழுத்தின் உருவம். 'கக்கோ'வின் முதல் எழுத்தைப் பழைய முறையில் எழுத 16 கோடுகள் வேண்டும். இப்போது எட்டே போதும். அரசு 1949-இல் எளிய வடிவங்களை அதிகாரபூர்வமாக்கியது. ஆனால் கையெழுத்தில் சுருக்க வடிவம் அதற்கு முன்பே புழங்கியது. பழைய வடிவத்தை இன்றும் விடாத நிறுவனங்களும் உண்டு. எனவே இதை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிட முடியாது.

பள்ளியின் வகையைக் குறிக்கும் சொல் இன்னும் கறாரான சாட்சி. 'ஜின்ஜோ ஷோகக்கோ' என்ற தொடக்கப்பள்ளிப் பெயர் 1886-இல் வந்து 1941-இல் போனது. அதன் இடத்தில் வந்த 'கொகுமின் கக்கோ' 1947 வரைதான் நீடித்தது. ஆக, பலகையில் 'கொகுமின்' இருந்தால் படம் போர்க்காலத்தை ஒட்டியது. 'கோகக்கோ' என்றிருந்தால் தேட வேண்டிய இடமே ஜப்பான் அல்ல, பெரும்பாலும் தைவான்: ஜப்பானிய ஆட்சி அங்கே தைவான் குழந்தைகளுக்காக 1898 முதல் நடத்திய பள்ளிகளின் பெயர் அது.

அஞ்சலட்டை என்றால் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். முகவரியையும் செய்தியையும் பிரிக்கும் கோடு 1918 முதல் அட்டையின் நடுவுக்கு வந்தது. அட்டையைக் குறிக்கும் 'ஹகாகி' என்ற சொல்லில், நடு எழுத்தின் தோளில் இரண்டு சிறு கீற்றுகள் சேர்ந்தது 1933-இல். ஜப்பானியச் சகாப்தக் கணக்கில் 'ஷோவா 10' என்று தேதி இருந்தால் 1925-ஐக் கூட்ட வேண்டும், கிடைப்பது 1935.

இவ்வளவும் தெரிந்து பெயரையும் படித்த பிறகு, இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லாமல் போகலாம்! 1947-48 கல்விச் சீர்திருத்தத்தில் பழைய நடுநிலைப் பள்ளிகளும் பெண்கள் உயர்பள்ளிகளும் புதிய மேல்நிலைப் பள்ளிகளாயின; பல பள்ளிகளின் பெயரும் மாறியது. டோக்கியோவின் முதலாம் நடுநிலைப் பள்ளி இப்போது ஹிபியா மேல்நிலைப் பள்ளி. முதலாம் பெண்கள் உயர்பள்ளி ஹகுவோ. இந்த இடத்தில் கைகொடுப்பவை சீருடைப் பொத்தானில் தெரியும் பள்ளிச் சின்னமும், நூற்றாண்டு விழாவையொட்டிப் பள்ளிகள் வெளியிடும் வரலாற்று மலர்களும்தான். மலரில் உள்ள பழைய படத்தோடு வாசல் தூண், கூரை, ஜன்னல் வரிசை மூன்றும் ஒத்துப்போனால் பள்ளி அகப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.