கைக்குள் வரும் கடை

கையடக்க கேம் கருவி வாங்க நினைப்பவர் முதலில் தேடுவது ஒப்பீட்டு அட்டவணையைத்தான். திரை எத்தனை அங்குலம், சிப் எந்தத் தலைமுறை, நினைவகம் எத்தனை ஜிகாபைட் என்று வரிசையாக எண்கள் இருக்கும். எண் பெரிதாக இருக்கும் கருவியே நல்ல கருவி என்று மனம் தானாக முடிவு கட்டிவிடும். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் வாங்கியபின் நாம் பணத்தையும் நேரத்தையும் எதில் செலவிடப் போகிறோம் என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 அமெரிக்காவில் 2025 ஜூனில் 450 டாலருக்கு வந்தது. ஆண்டுக்கு ஐந்து கேம், ஒவ்வொன்றும் 60 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுகளில் கேம்களுக்கு மட்டும் 1,500 டாலர் போகும். கருவியின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே கையடக்கக் கருவி வாங்குவது என்பது ஒரு கடைக்குப் பல ஆண்டு வாடிக்கையாளராகச் சேர்வது. ஒப்பிட வேண்டியது முதலில் அந்தக் கடைகளைத்தான். கருவிகள் அதற்குப் பிறகு.

இது இன்றைக்கு மட்டும் பொருந்தும் வாதமல்ல. 1989-இல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தபோது அதன் திரை நான்கே சாயல் கொண்ட பச்சை கலந்த சாம்பல் நிறம், பின்விளக்கு கிடையாது. அதே ஆண்டு அட்டாரியின் லிங்க்ஸ், மறு ஆண்டு சேகாவின் கேம் கியர் என்று இரண்டு போட்டியாளர்கள் வண்ணத் திரையும் பின்விளக்கும் கொண்டு வந்தார்கள். அட்டவணை போட்டால் திரைக்கான கட்டம் எல்லாவற்றிலும் கேம் பாய் தோற்றிருக்கும். ஆனால் பேட்டரிக் கட்டத்தில் வென்றிருக்கும். நான்கு பென்டார்ச் பேட்டரியில் அது பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. கேம் கியருக்கு ஆறு பேட்டரி வேண்டும். அதுவும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஏனென்றால் திரைக்குப் பின்னால் இருந்த ஒளிரும் குழல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பே யோகோய் அந்த எளிய திரையைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார். நன்கு பழகி, மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அமெரிக்காவில் கருவியோடு டெட்ரிஸ் சேர்ந்தே வந்தது. நான்கு சாயலில் ஆடினாலும் சுவை குறையாத கேம். ஏழு ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே பழைய கருவிக்கு போக்கிமான் வந்தது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி. அன்று சேகாவை வாங்கியவருக்குக் கிடைத்தது அழகான திரைதான். சில ஆண்டுகளில் அந்தத் திரையில் போட்டு ஆடப் புதிதாக ஒன்றும் வராமல் போனது.

2004-இல் அதே கதை மறுபடி நடந்தது. சோனியின் பி.எஸ்.பி. அகன்ற திரையும், படம் பார்க்கும் வசதியும், வீட்டுக் கன்சோலுக்கு நெருங்கிய காட்சித் தரமும் கொண்டு வந்தது. நின்டெண்டோ டி.எஸ். தந்தது இரண்டு சின்னத் திரைகள், அதில் ஒன்று தொடுதிரை. முடிவில் டி.எஸ். 15 கோடியைத் தாண்டியது, பி.எஸ்.பி. ஏறத்தாழ எட்டுக் கோடியில் நின்றது. எட்டுக் கோடி தோல்வி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான எச்சரிக்கை அதற்கு அடுத்து வந்த பி.எஸ். வீட்டாதான். 2011 இறுதியில் ஜப்பானில் வெளியான அந்தக் கருவியின் ஓ.எல்.இ.டி. திரை அக்காலக் கையடக்க கேம் கருவிகளில் அரிதானது. ஆனால் கேம்களைச் சேமிக்க எல்லோரும் பயன்படுத்தும் மெமரி கார்டு அதில் செல்லாது. சோனியின் தனி கார்டுதான் வேண்டும். அமெரிக்காவில் 250 டாலர் கருவிக்கு 32 ஜிபி கார்டு ஒன்று 100 டாலர். அட்டவணையில் கருவியின் விலை மட்டும் இருந்தது. அந்தக் கார்டின் விலை இல்லை. விற்பனை மந்தமானது, பெரிய கேம்கள் வருவது குறைந்தது, கேம்கள் குறைந்ததால் விற்பனை மேலும் சரிந்தது.

இப்போது கடையில் மோதிக்கொள்பவற்றைப் பார்ப்போம். ஒரு பக்கம் ஸ்விட்ச் குடும்பம். இன்னொரு பக்கம் கணினி கேம்களை ஓட்டும் கருவிகள்: வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், ஆசுஸின் ராக் அலை, லெனோவோவின் லீஜன் கோ. இவற்றின் சக்தியை அளக்கும்போது பேட்டரிக் கணக்கையும் கூடவே போட வேண்டும். அது எளிய வகுத்தல்தான். பேட்டரியில் இருக்கும் வாட்-மணியைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 2023-இல் வந்த முதல் ராக் அலை கருவியின் பேட்டரி 40 வாட்-மணி. அதன் சிப்பை 25 வாட்டில் ஓடவிட்டால், திரையும் விசிறியும் சேர்ந்து மொத்தம் 30-ஐத் தாண்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் சார்ஜரைத் தேட வேண்டும். ஸ்டீம் டெக் ஓ.எல்.இ.டி.க்கு 50 வாட்-மணி. கேமைப் பொறுத்து மூன்று முதல் பன்னிரண்டு மணி நேரம் என்கிறது வால்வ். ஸ்விட்ச் ஓ.எல்.இ.டி.யில் இருப்பதோ வெறும் 16 வாட்-மணி, ஆனாலும் நாலரை முதல் ஒன்பது மணி நேரம் தாங்கும், ஏனென்றால் அதன் சிப் இழுப்பதே மிகக் குறைவு. சக்தி கூடிய ஸ்விட்ச் 2-இல் அது இரண்டு முதல் ஆறரை மணி நேரமாக இறங்கிவிட்டது. எடையும் இதே வழியில்தான் போகிறது: ஸ்விட்ச் லைட் 275 கிராம், ஸ்டீம் டெக் ஓ.எல்.இ.டி. 640, முதல் லீஜன் கோ 850-க்கும் மேல். படுத்துக்கொண்டு அரை மணி நேரம் தூக்கிப் பிடிக்கும் கைக்கு இந்த வித்தியாசம் திரையின் நுணுக்கத்தைவிட நன்றாகத் தெரியும்.

கடைகளுக்கு வருவோம். ஸ்டீம் கடை இந்தியாவில் ரூபாயில் விற்கிறது. விலையை வெளியீட்டாளர்களே நிர்ணயிப்பதால் சில பெரிய கேம்கள் டாலர் விலைக்குச் சமமாகவே இருக்கும். சிறு நிறுவனங்களின் கேம்கள் பல இங்கே மலிவு. பருவந்தோறும் தள்ளுபடி விற்பனை உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நின்டெண்டோவின் இணையக் கடை இந்தியாவுக்கு இல்லவே இல்லை; கணக்கை வேறொரு நாட்டில் தொடங்கி அந்த நாட்டுப் பணத்தில்தான் வாங்க வேண்டும். அதன் சொந்தக் கேம்கள் பல ஆண்டு கழித்தும் பெரிதாக விலை இறங்குவதில்லை. மரியோ கார்ட் வேர்ல்டின் விலை அமெரிக்காவில் 80 டாலர். இதற்கு எதிராக நின்டெண்டோ பக்கம் வலுவான ஒரு நியாயம் உண்டு: அட்டையாக வாங்கிய கேமை ஆடி முடித்துவிட்டு விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க வழியே கிடையாது. மாற்றி மாற்றி ஆடும் நண்பர் வட்டம் உள்ளவருக்கு 60 டாலர் அட்டையின் நிகரச் செலவு மிகவும் குறைந்துபோகும். ஆனால் ஸ்விட்ச் 2-க்கு வரும் அட்டைகளில் ஒரு வகை இருக்கிறது, அதில் கேமே இருக்காது. திறவுகோல் மட்டும்தான், கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் முன்புறத்தில் அந்த அறிவிப்பு இருக்கும், படித்துவிட்டு வாங்க வேண்டும். 3டிஎஸ் கருவியின் இணையக் கடையை நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியது. அதன் பிறகு அங்கே புதிதாக எதுவும் வாங்க முடியாது. அட்டையில் முழுக் கேமையும் வைத்திருப்பவரை அந்த மூடல் தொடவில்லை.

நம் ஊர் வாசகருக்கு இன்னொரு வலையும் இருக்கிறது. நின்டெண்டோவும் வால்வும் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி. ஸ்விட்ச் 2-ஐ ஜப்பானில் இரண்டு வகையாக விற்கிறார்கள். விலை குறைந்த வகையில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே அது ஏற்கும். யாராவது சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைத்துச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது எந்த வகை என்பதைத்தான். ஆசுஸ் இங்கே நேரடியாக விற்பதால் உத்தரவாதமும் சேவை மையமும் உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே அலையைத் தேர்ந்தெடுப்பவர் தவறு செய்யவில்லை.

கடைதான் முக்கியம் என்றால் விண்டோஸில் ஓடும் அலையே வெல்ல வேண்டாமா, அதில் ஸ்டீம், எபிக், எக்ஸ்பாக்ஸ் என்று எல்லாக் கடையும் திறக்குமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்டீம் டெக் ஓடுவது லினக்ஸில். விண்டோஸ் கேம்களைப் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக ஓட்டுகிறது. பெரும்பாலானவை ஓடும். ஆனால் ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள் காரணமாக ஃபோர்ட்நைட், வேலரன்ட் போன்றவை அதில் நேரடியாக ஓடாது. நண்பர்களோடு ஃபோர்ட்நைட் ஆடத்தான் கருவி என்றால் டெக்கை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நான் டெக் பக்கமே சாய்கிறேன். சுட்டியையும் விசைப்பலகையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது விண்டோஸ். ஏழு அங்குலத் திரையில் அதன் சின்னச் சின்னப் பொத்தான்களை விரலால் தொடுவது தொல்லை. டெக்கில் ஆட்டத்தின் நடுவே பொத்தானை அழுத்தி உறங்கவைத்து, மணிக்கணக்கில் கழித்து எழுப்பினாலும் அதே நொடியிலிருந்து தொடரலாம். விட்டு விட்டு ஆடுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. 2025-இல் லீஜன் கோ எஸ் கருவியை விண்டோஸுக்குப் பதிலாக வால்வின் ஸ்டீம் ஓ.எஸ். போட்டும் லெனோவோ விற்கத் தொடங்கியதே இதன் மதிப்பைக் காட்டும்.

சக்தி குறைந்த கருவி சீக்கிரம் பழசாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. புதிதாக வரும் பிரம்மாண்டமான கேம்களை மட்டுமே ஆடுவேன் என்பவருக்கு அது உண்மை. ஆனால் அவருக்குக் கையடக்கக் கருவியே சரியான தேர்வுதானா என்று யோசிக்க வேண்டும். அதே பணத்துக்குச் சுவர் பிளக்கில் செருகும் கன்சோல் இன்னும் நன்றாக ஓட்டும். கைக்கு அடக்கமான திரையில் சிறக்கும் கேம்கள் வேறு வகை. ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி, பலாட்ரோ எல்லாம் பழைய ஸ்விட்சிலேயே நன்றாக ஓடும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் வெண்பாவை 2023-இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது; மறு ஆண்டு அந்த கேம் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதை வென்றது. இட்லிப் பானையைச் சரியாக அடுக்குவதற்கு 25 வாட் சிப் எதற்கு? அது ஸ்விட்சுக்கும் உண்டு, ஸ்டீமிலும் உண்டு.

செல்போன் போதாதா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போனில் இலவச கேம்கள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் அவற்றில் கணிசமானவை இடையிடையே விளம்பரம் காட்டவும் கட்டணம் கேட்கவுமே வடிவமைக்கப்பட்டவை. குழந்தைக்காக வாங்கும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எடை குறைந்த ஸ்விட்ச் லைட்டே போதும்; ஆனால் அதைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, கட்டுப்பாட்டுக் குச்சிகளும் கழற்ற முடியாதவை. ஸ்விட்சின் குச்சிகள் தேய்ந்து, தொடாமலே பாத்திரம் தானாக நகரும் கோளாறு அமெரிக்காவில் வழக்கு வரை போனது. 2020-இல் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார். சாதாரண ஸ்விட்சில் குச்சி கெட்டால் அந்தப் பக்கக் கட்டுப்பாட்டை மட்டும் மாற்றலாம். லைட்டில் கருவியையே பிரிக்க வேண்டும். ஸ்டீம் டெக்கின் உதிரிப் பாகங்களை ஐஃபிக்ஸிட் நிறுவனம் வெளிப்படையாக விற்கிறது, பிரித்து மாட்டும் வழிமுறையையும் தருகிறது. சேவை மையம் இல்லாத ஊரில் இறக்குமதிக் கருவி வாங்குகிறவர், அந்தப் பாகங்களை வரவழைத்து மாட்டித் தரக்கூடிய செல்போன் பழுதுபார்ப்பவர் அருகில் இருக்கிறாரா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.