டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு களகள ஒலி

கார் இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்ச்சுற்று நல்ல நிலையில் இருந்தால் அது இருப்பதே தெரியாது. எல்லாப் பக்கமும் மூடிய, காற்றே இல்லாமல் திரவம் நிறைந்த குழாயில் கூலன்ட் எவ்வளவு வேகமாக ஓடினாலும், இருக்கையில் இருப்பவர் காதுக்கு எட்டும்படி ஒலி எழாது. களகளவென்றோ, கொதகொதவென்றோ, உஸ்ஸென்றோ கேட்டால் திரவம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று புகுந்திருக்கிறது. அது வெளிக்காற்றாக இருக்கலாம், நீராவியாக இருக்கலாம், சிலிண்டருக்குள் எரிந்து கசிந்த வாயுவாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரிந்துகொள்ள, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று கவனிப்பதுதான் அதிகம் உதவும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தத் தொல்லை சாதாரணக் கார்களைவிட அதிகம். காரணம் வயது மட்டுமல்ல, அவற்றின் அமைப்பும்தான். டொயோட்டாவின் எம்ஆர்2 காரை எடுத்துக்கொள்வோம். 1984-ல் ஜப்பானில் அறிமுகமான இரண்டு இருக்கைக் கார் இது. எஸ்டபிள்யூ20 என்ற குறியீட்டால் அறியப்படும் அதன் இரண்டாம் தலைமுறை 1989 முதல் 1999 வரை தயாரானது. எடை நடுவில் இருந்தால் கார் வளைவுகளில் சட்டெனத் திரும்பும் என்பதற்காக இன்ஜினை இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். ஆனால் ரேடியேட்டருக்கு எதிர்காற்று வேண்டும். அதற்கு இடம் காரின் மூக்குதான். ஆகவே பின்னால் சூடான கூலன்ட், காரின் வயிற்றுக்கு அடியில் நீண்ட குழாய்கள் வழியாக முன்னால் போய், ஆறி, அதே தூரம் திரும்பி வர வேண்டும். வழியில் ஒரு கிளை, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் பிரிகிறது. குளிர்நாடுகளில் உட்புறத்தைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர் அது.

இப்படி ஏறி இறங்கி ஓடும் பாதையில் ஒவ்வொரு மேடும் காற்றுக்கு ஒரு தங்குமிடம். இன்ஜின் முன்னால் இருக்கும் காரில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினால் பெரும்பாலும் காற்று தானே மேலேறி வெளியேறிவிடும். எம்ஆர்2-ல் கூலன்ட் ஊற்றும் வாய் பின்பக்கம், இன்ஜின் அருகே இருக்கிறது. காற்றோ முன்பக்கத்து மேடுகளில் சிக்கிக்கொள்கிறது. ஹோஸ் மாற்றிவிட்டு அவசரமாக ஊற்றி மூடினால், அடுத்த முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ குடத்தைச் சாய்ப்பது போன்ற களகள ஒலி கேட்கும். பம்ப் வேகமெடுக்கும்போது ஹீட்டர் கோரில் தங்கிய காற்றும் திரவமும் சேர்ந்து புரள்கின்றன. இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால், காற்று பிடித்திருப்பது ஏறக்குறைய உறுதி.

இதை மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்பார்கள். எம்ஆர்2-க்கு அதற்கென்று டொயோட்டா வகுத்த வழியை நான் மிகவும் ரசிக்கிறேன். முன்பக்கம் ரேடியேட்டரிலும் ஹீட்டர் குழாயிலும் சின்ன வடிகால் வால்வுகள் இருக்கின்றன. அவற்றில் கண்ணாடி போன்ற வினைல் குழாய்களைப் பொருத்தி, திறந்து வைத்த முன் பானெட்டிலிருந்து, பின்பக்கத்து ஊற்றுவாயைவிட உயரமாகத் தொங்கவிட வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பிவைத்துவிட்டு, பின்னால் மெதுவாகக் கூலன்ட் ஊற்ற வேண்டும். ஒன்றோடொன்று இணைந்த பாத்திரங்களில் திரவம் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதே விதிதான் இங்கே வேலை செய்கிறது. வினைல் குழாய்களில் திரவம் ஊற்றுவாயின் மட்டத்துக்கு ஏறி, குமிழி வருவது நின்றால் உள்ளே காற்று தீர்ந்தது. பொறுமை மட்டும் வேண்டும். வேகமாக ஊற்றினால் ஊற்றும் திரவமே புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகும்.

ஏர் எடுத்து ஒரு வாரம் நிம்மதி, பிறகு காலையில் வண்டியை எடுத்த முதல் நிமிடத்தில் மறுபடி களகள. அப்படியானால் காற்று ஒவ்வோர் இரவும் புதிதாக உள்ளே போகிறது. இங்கேதான் நான் முதலில் ஊற்றுவாயின் மூடியைச் சந்தேகிக்கச் சொல்வேன். அந்த மூடி வெறும் அடைப்பு அல்ல. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய வால்வு, சூட்டில் அழுத்தம் எல்லை மீறும்போது திறந்து, மிகுந்த கூலன்ட்டை ரிசர்வ் டப்பாவுக்கு விடுகிறது. நடுவில் இருக்கும் சின்ன வால்வு, இரவில் இன்ஜின் ஆறித் திரவம் சுருங்கும்போது அதே கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடுகிறது. சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ, டப்பாவுக்குப் போகும் மெல்லிய ஹோஸில் விரிசல் விழுந்தாலோ, கூலன்ட் திரும்பாது. ஏதாவது இணைப்பின் வழியே காற்று உள்ளே போகும். அல்லது ஆறிய ஹோஸ் தட்டையாக உறிஞ்சப்பட்டுக் கிடக்கும். டப்பாவில் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து உரிமையாளர் நிம்மதியாக இருப்பார். உள்ளே சுற்று வற்றிக்கொண்டிருக்கும்.

மூடியின் பெரிய வால்வு செய்யும் வேலை இன்னும் முக்கியமானது. தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். இன்ஜின் தலையில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள உலோகம், பொதுவான கூலன்ட் வெப்பத்தைவிட மிக அதிகச் சூடாக இருக்கும். அங்கே கொதிக்காமல் காப்பது இந்த அழுத்தம்தான். மூடியின் ஸ்ப்ரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மேட்டில் ஏறிவந்து சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து கடகடவென்ற உறுமல் கேட்கும்.

அந்த உறுமலின் இயற்பியல் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. தண்ணீர் முழுக் கொதிக்கு வருவதற்குச் சற்று முன்பு பாத்திரம் இரைகிறது. தளதளவென்று கொதித்ததும் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது. அடிப்பக்கத்தில் உருவான நீராவிக் குமிழிகள், சற்று மேலே உள்ள குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் சுருங்கி நொறுங்குவதால் வரும் ஒலி அது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் விளக்கினார். குமிழி நொறுங்கும்போது சுற்றியுள்ள திரவத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை 1917-ல் ரேலி பிரபு கணக்கிட்டுக் காட்டினார். கப்பல்களின் உந்துவிசிறிகள் அரிக்கப்படுவதற்குக் காரணம் தேடியவர்களும் ஆராய்ந்த கேள்வி அது. கார் இன்ஜினிலும் இதே நொறுங்கல்தான் நடக்கிறது. கேட்கச் சின்ன ஒலிதான். ஆனால் நாளடைவில் வாட்டர் பம்பின் இறக்கைகளில் குழி பறிக்கும் வலிமை அதற்கு உண்டு.

இந்த நேரத்தில் டாஷ்போர்டில் வெப்பமானி என்ன சொல்லும்? பல கார்களில் அதன் முள், கணிசமான வெப்பநிலை வீச்சு முழுவதிலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் வீணாகப் பதறக்கூடாது என்ற நல்லெண்ணம். இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். அதைச் சுற்றிக் காற்றோ நீராவியோ தேங்கினால் முள் தடுமாறும். சில சமயம் குறைவாகக்கூடக் காட்டும். முள்ளைவிடக் காது முந்திக்கொள்வது இதனால்தான். உறுமல் கேட்டால், முள் நடுவில் இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட், அழுத்தம் போன கணத்தில் நீராவியாக மாறி முகத்தில் பீறிடும்.

மூடி புதிது, ஹோஸ்கள் நலம், ஏர் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் ரிசர்வ் டப்பாவில் குமிழிகள் ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்த்தாக வேண்டும். எரியும்போது சிலிண்டருக்குள் பல பத்து பார் அழுத்தம். பக்கத்து நீர்வழியில் ஒரு பார்தான். நடுவில் இருக்கும் கேஸ்கெட்டில் மயிரிழை வழி கிடைத்தாலும் வாயு இந்தப் பக்கம் வந்துவிடும். இங்கே நேரம் நல்ல சாட்சி. கூலன்ட் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது நீராவியின் வேலை அல்ல. நீல நிறச் சோதனைத் திரவம் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கூலன்ட்டுக்கு மேலே இருக்கும் காற்றை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டு அது மஞ்சளாகும். தலையைக் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது பெரும் செலவைத் தவிர்க்கும். கசிவை அடைக்கும் பொடிகளை ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன். அவை ஓட்டையை அடைக்கின்றனவோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

இதுவரை பார்த்தவை திரவத்துக்குள் எழும் ஒலிகள். உலோகமும் ரப்பரும் எழுப்பும் ஒலிகள் வேறு இனம்; அவை இன்ஜின் சுழலும் வேகத்தோடு ஏறி இறங்கும். குளிர்ந்த காலையில் கிரீச்சென்று கத்துவது பெரும்பாலும் பெல்ட். அதன்மீது சில துளித் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. முன்னைவிடப் பலமாகக் கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. கரகரவென்று அரைப்பது வாட்டர் பம்பின் பேரிங். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் உடலில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தினால் எது அரைக்கிறது என்று தெளிவாகத் தெரியும். சுழலும் பெல்ட்டுக்கு அருகே தொங்கும் துணியோ முடியோ இருக்கக் கூடாது. பம்பின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். உள்ளே சீல் கெட்டால் அதை வெளியே காட்டுவதற்கென்றே வைத்த துளை அது. அதைச் சுற்றிக் காய்ந்த கூலன்ட்டின் நிறப் படிவு தெரிந்தால் பேரிங்கின் நாள்களும் எண்ணப்படுகின்றன.

1982 முதல் 1991 வரை தயாரான போர்ஷே 944 வைத்திருப்பவர்கள் இந்தக் கரகரப்பை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் காரில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும். பம்பை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, இன்ஜின் தலையையே பிரிப்பதில் போய் நிற்கும்.

இன்ஜினை நிறுத்திய பிறகு வரும் ஒலிகளில் பெரும்பாலானவை நல்லவை. எக்ஸாஸ்ட் குழாய் ஆறிச் சுருங்கும்போது டிக் டிக்கென்று கேட்கும். மின்விசிறி கொஞ்ச நேரம் சுழலும். எம்ஆர்2-ல் இன்ஜின் அறைக்கென்றே ஒரு விசிறி உண்டு. 944 டர்போவில், சாவியை எடுத்த பின் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் அங்கிருக்கும் கடும் சூட்டில் கரியாகிவிடாமல் இருக்க, தனியாக ஒரு மின்சாரப் பம்ப் அதன் வழியே கூலன்ட்டைச் சுற்றவிடுகிறது. புதிதாக இந்தக் காரை வாங்கியவர்கள் அந்த ரீங்காரத்தைக் கேட்டுப் பயப்படுவதுண்டு. நீண்ட ஓட்டத்துக்குப் பின் அது கேட்கவே இல்லையென்றால்தான் பம்பின் ஃப்யூஸையும் ரிலேவையும் அன்றே பார்க்க வேண்டும்.