கயிறு மனிதனிடம் வரட்டும்

கரையிலே நின்று பார்ப்பவனுக்குப் பாய்ப்படகு ஓர் அழகுக் காட்சி. காற்றை வாங்கிப் புடைத்து நிற்கும் பாயே அவன் கண்ணைக் கவர்கின்றது. படகிலே இருப்பவனுடைய கருத்தோ பாயைவிடக் கயிற்றிலேயே அதிகம் பதிந்திருக்கும். பாயை உயர்த்துவது ஒரு கயிறு. அதனை ஆஞ்சான் என்பர் தமிழ்க் கடலோடிகள். காற்றுக்கேற்பப் பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவுவது மற்றொன்று, அது தாமான். பாயின் பரப்பைச் சுருக்குவதற்கு வேறு சில கயிறுகள் உண்டு. இவை எங்கே வந்து முடிகின்றன, எங்கே நின்று அவற்றைப் பிடிக்க வேண்டும் என்னும் சிறு கேள்வியிலே பல வேளைகளில் ஓர் உயிர் தங்கியிருக்கின்றது.

பழைய ஏற்பாட்டின்படி ஆஞ்சான் பாய்மரத்தின் அடியிலேயே கட்டப்பட்டிருக்கும். காற்று வலுத்துப் பாயைச் சுருக்க வேண்டிய வேளை வந்தால், ஒருவன் அறையின் கூரைமீது ஏறி, நனைந்து வழுக்கும் மேற்றளத்தின் வழியே பாய்மரம்வரை செல்ல வேண்டும். படகு மிக அதிகமாக ஆடும் நேரமும் அதுவே. இருவர் இருந்தால் ஒருவன் சுக்கானைப் பார்த்துக்கொள்வான். தனியே சென்றவன் தவறி விழுந்தாலோ, படகு அவனுக்காகக் காத்து நிற்பதில்லை. விரித்த பாயோடு தன் வழியே போய்விடும்.

ஹாஸ்லர் கண்ட வழி

இக்கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றைத் தந்தவர் ஹேர்பேர்ட் ஹாஸ்லர் என்னும் ஆங்கிலேயர். இவர் பிரிட்டிஷ் மரீன் படையின் அதிகாரி. 1942ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஜேர்மனியர் வசமிருந்த பொர்டோ துறைமுகக் கப்பல்களுக்கு வெடி வைப்பதற்காக 10 வீரர் 5 சிறு தோணிகளில் புறப்பட்டனர். உயிருடன் திரும்பியோர் இருவர். அவருள் ஒருவர் அக்குழுவின் தலைவரான ஹாஸ்லர். கடலின் கொடுமையையும் உடலின் எல்லையையும் அறிந்த இம்மனிதர், போருக்குப் பின்னர், ஒரு மனிதன் தன் வலிமையை வீணாக்காமல் பெருங்கடலைக் கடப்பது எங்ஙனம் என்று ஆராயத் தொடங்கினார்.

அவருடைய படகின் பெயர் ஜெஸ்டர். நீளம் சுமார் 25 அடி. மேற்றளத்தை முழுவதும் மூடி, நடுவிலே வட்டமான ஒரு வாயிலை மட்டும் வைத்தார். பாயைக் கையாளும் கயிறுகள் யாவும் அந்த வாயிலுக்கு வந்து சேர்ந்தன. பாயோ சீன முறையிலமைந்தது. குறுக்கே பல சட்டங்கள் பொருத்தப்பட்ட அப்பாய், ஆஞ்சானைத் தளர்த்தியதும் தன் பாரத்தினாலேயே இறங்கி மடிப்புமேல் மடிப்பாக அடங்கும். வாயிலில் மார்பளவு நின்றபடியே ஒருவர் பாயை ஏற்றலாம், சுருக்கலாம், இறக்கலாம். பாய்மரத்தடிக்குச் செல்லும் பயணமே இல்லாதொழிந்தது.

1960ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் தேதி பிளிமத் துறைமுகத்திலிருந்து நியூ யோர்க் நோக்கித் தனிமனிதர் படகோட்டப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. அத்லாந்திக்கைக் கடந்தோர் ஐவர். பிரான்சிஸ் சிச்செஸ்டர் ஏறக்குறைய 40 அடி நீளமான தம் படகில் 40 நாட்களில் முதலாவதாக வந்தார். 25 அடிப் படகில் 48 நாட்களில் இரண்டாவதாக வந்தவர் ஹாஸ்லர். பெரிய படகே விரைந்தோடும் என்பது கடலின் இயல்பு. அதனை எண்ணும்போது, எட்டு நாள் பிந்தியதைக் குறையென்று கூறுதல் தகாது.

கப்பியும் உருளையும்

எல்லோரும் சீனப் பாய்க்கு மாறிவிடுவதில்லை. இன்றைய சிறு படகுகளிற் பெரும்பாலானவை முக்கோணப் பாயுடையவை. அவற்றை உடையோர் பலர், ஆஞ்சானைப் பாய்மரத்தடியில் ஒரு கப்பியிலே திருப்பி, கூரைமேல் வேறொரு கப்பியின் வழியாகச் சுக்கான் பிடிப்பவன் அமரும் இடத்துக்குக் கொண்டுவருகின்றனர். அங்கே கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பூட்டும், அதன் பின்னே வின்ச் எனப்படும் சுற்றுருளையும் இருக்கும். கேட்பதற்கு எளிய வேலை. செய்வதிலே கவனம் வேண்டும்.

முதலாவது, பாரம். 100 கிலோ இழுவையுள்ள கயிற்றைக் கப்பி செங்கோணத்தில் திருப்பினால், கப்பியின்மேல் விழும் பாரம் சுமார் 140 கிலோ. வந்த திசைக்கே திருப்பினால் 200 கிலோ. ஆதலால், வெறும் திருகாணியால் பதித்த கப்பி ஒருநாள் பிடுங்கிக்கொண்டு போகும். தளத்தை ஊடுருவும் ஆணியும், அடியிலே பாரத்தைப் பரப்பும் தகடும் இன்றியமையாதவை.

இரண்டாவது, சுற்றுருளை. அதன்மேல் ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதன்று, பெருக்குவது. ஆகவேதான் மூன்று நான்கு சுற்றுகள் சுற்றிவிட்டால், ஓர் ஆளையே இழுத்துச் செல்லக்கூடிய பாயை ஒரு கை தாங்குகின்றது. கயிறு உருளைக்குச் சற்றுத் தாழ்விலிருந்து வந்து சேர வேண்டும். தவறினால் ஒரு சுற்று மற்றொன்றின்மேல் ஏறி இறுகிப்போம். பின்னர், காற்று வலுக்கும் நேரத்திலே அதனை விடுவித்தல் அரிது. உச்சியிலே கயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் பள்ளமுடைய உருளைகளும் உண்டு. அவை ஒரு கைக்கு ஓய்வு தருகின்றன. தனக்கொரு கை, படகுக்கொரு கை என்பது மேலைநாட்டு மாலுமிகளின் பழைய விதியன்றோ?

மூன்றாவதே முதன்மையானது, அது உராய்வு. கயிறு திரும்பும் ஒவ்வோரிடத்திலும் வலிமையில் ஒரு பங்கு கழிகின்றது. குண்டுகள் உருளும் நல்ல கப்பிகள் இவ்விழப்பைக் குறைக்கும், முற்றாக நீக்கமாட்டா. பாய் ஏற மறுத்தால் கை வலிக்கும், அவ்வளவே. இறங்க மறுத்தாலோ படகே ஆபத்துக்குள்ளாகும். பல திருப்பங்களில் சிக்கி ஆஞ்சான் ஓடாதபோது, அந்த மனிதன் முன்னே போய்த்தான் ஆகவேண்டும். அதுவும் முன்னிலும் கடுங்காற்றிலே. அவ்வாறே, ஆஞ்சானை மட்டும் பின்னே கொணர்ந்து, பாயைச் சுருக்கும் கயிற்றைப் பாய்மரத்தடியிலேயே விட்டவனும் அரைவேலை செய்தவனே. பொருளுக்குப் பணம் கொடுத்தும், அவன் நடக்கவேண்டிய தூரம் குறையவில்லை.

இவையெல்லாம் மாலுமியைச் சோம்பேறியாக்கும் என்று கூறுவோர் உளர். தோணியிலே துடுப்பு வலித்து மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட ஹாஸ்லரைச் சோம்பேறி என்பார் யார்? களைத்த உடல் தவறான முடிவெடுக்கும் என்பதை உணர்ந்தே அவர் உழைப்பைக் குறைத்தார். ஜெஸ்டரை 1964ஆம் ஆண்டில் வாங்கிய மைக் ரிச்சி அதிலே பலமுறை பெருங்கடலோடினார். 1988ஆம் ஆண்டுப் போட்டியில் அப்படகு கடலுக்கு இரையாயிற்று, ரிச்சி மீட்கப்பட்டார். எந்த ஏற்பாடும் கடலை வென்றுவிடாது என்பதற்கு இதுவே சான்று. எனினும், அதே அமைப்பிலே மற்றொரு ஜெஸ்டர் கட்டப்பட்டு, 1992ஆம் ஆண்டில் ரிச்சியுடன் மீண்டும் புறப்பட்டது.

புதிய கப்பி வாங்க எண்ணும் படகுக்காரர் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காற்று மெல்லென வீசும் நாளொன்றில், துறைமுகத்துக்குள்ளேயே பாயை ஏற்றிவிட்டு, சுக்கானருகே அமர்ந்து ஆஞ்சானை விடுவிக்கட்டும். பாயை இறக்கிச் சுருக்கி முடிக்கும்வரை எத்தனை தடவை எழுந்து முன்னே செல்ல நேர்ந்தது என்று எண்ணிக்கொள்ளட்டும். அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் பொருளை வாங்கலாம். குறைக்காத பொருள் எத்துணைப் பளபளப்பாயினும், அதனைக் கடையிலேயே விட்டுவரலாம்.