இரும்புத் தீவனக் கூடு

உழவுத்தொழிலுக்குரிய பெரும்பொறிகளைப் பற்றிப் பேசுவோர் பலர். தொழுவத்து மூலையில் நிற்கும் சிறு சாதனங்களைப் பற்றி எண்ணுவோர் சிலரே. மாடு வைக்கோல் தின்னுதற்கென இரும்புக் கம்பிகளால் அமைக்கப்படும் கூடு அத்தகைய சாதனங்களுள் ஒன்று. அதனை ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் அதன் அமைப்பு நன்றாயின் தீவனம் மிஞ்சும். தீதாயின் மாட்டின் உயிருக்கே கேடு நேரும். ஆதலால் அதனைச் செய்யும் முறையையும் செப்பனிடும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் மாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். அது ஒரு வாய் வைக்கோலைக் கவ்வியபின் தலையை உயர்த்தி உதறும். இடமிருப்பின் பின்வாங்கி நின்று மெல்லும். அவ்வாறு சிந்திய வைக்கோல் குளம்பால் மிதியுண்டு, சாணமும் சிறுநீரும் தோயப்பெற்றால், பசித்த மாடும் அதனை முகர்ந்து விலக்கிவிடும். ஆகவே, வைக்கோலைத் தாங்குதல் மட்டும் கூட்டின் பயனன்று. தின்னும்போது மாட்டின் தலையை உள்ளேயே இருக்கச் செய்தலும், சிந்துவதை மீண்டும் உள்ளேயே விழச் செய்தலுமே அதன் தலையாய பயன்களாம்.

இவ்வுண்மை அமெரிக்க நாட்டில் நன்கு ஆராயப்பட்டுள்ளது. அந்நாட்டின் ஐயோவா மாநிலத்தில் கேரி வெர்மீர் என்பார் 1971-ஆம் ஆண்டில், உலர்புல்லைப் பெரிய உருளைக் கட்டுகளாகச் சுருட்டும் பொறியை வெளியிட்டார். ஏறக்குறைய அரை டன் நிறையுள்ள அத்தகைய கட்டை வெட்டவெளியில் வைத்தால், மாடுகள் அதனைக் கலைத்து அதன்மேலேயே படுத்துப் பாழாக்கும். அதனைத் தடுக்க இரும்பு வளையங்களும் கூடுகளும் பயன்படலாயின. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில் நால்வகைக் கூடுகளை ஒப்பிட்டனர். கட்டைக் கூம்பு வடிவச் சட்டத்தால் நடுவில் ஏந்தி நிற்கும் வளையத்தில் நூற்றுக்கு 3.5 பங்கே வீணாயிற்று. எளிய வளையத்தில் 6.1 பங்கும், வண்டி வடிவக் கூட்டில் 11.4 பங்கும், தொட்டில் வடிவக் கூட்டில் 14.6 பங்கும் வீணாயின. தொட்டில் வடிவத்தில் மாடுகள் ஒன்றையொன்று முட்டி விலக்குதலும், அடிக்கடி இடம் மாறுதலும் மிகுதியாகக் காணப்பட்டன. வடிவ வேறுபாட்டால் இழப்பு நான்கு மடங்குக்கும் மேலாக வேறுபட்டமை காண்க.

நமது தஞ்சைப் பகுதியிலும் இக்காலத்தில், அறுவடைப் பொறி வயலில் விட்டுச்செல்லும் வைக்கோல் சிறு உருளைக் கட்டுகளாகச் சுருட்டப்படுகின்றது. ஓரிரு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பெரிய வளையம் வேண்டா. எனினும் மேற்கூறிய விதிகள் சிறு கூட்டுக்கும் பொருந்துவனவே.

இனி, கூட்டைச் செய்யும் முறையைக் கூறுவோம். பசு ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை அடி அகலம் விடுதல் வேண்டும். அடித்தட்டு, மாடு நிற்கும் தரைக்குச் சற்றே மேலாக இருந்தால் போதும். தலை தாழ்த்தித் தின்னுதலே மாட்டுக்கு இயற்கை. அந்நிலையில் உமிழ்நீரும் மிகுதியாகச் சுரக்கும். தலைக்கு மேலே உயர்த்திக் கட்டிய கூட்டிலிருந்து தூசும் தாளும் கண்ணில் வீழ்ந்து புண்படுத்தும். கம்பிகளின் இடைவெளி, கன்றின் தலையும் நுழையாத அளவு குறுகியதாக இருக்கலாம். அன்றேல், கொம்புடைய தலை எளிதில் புகுந்து மீளும் அளவு அகன்றதாக இருக்கலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவோ கழுத்துக்குக் கண்ணியாகும். குறுகிய இடைவெளியைக் கொள்வோர், இழுக்கும்போது சிந்துவதை ஏற்கும்படி கீழே முன்னோக்கி நீண்ட தட்டொன்றை அமைத்தல் வேண்டும்.

இத்தட்டுக்கு 200 லிட்டர் டிரம்மை நெடுக்காகப் பிளந்து பயன்படுத்தலாம். பூச்சிமருந்து இருந்த டிரம் எத்துணை கழுவினும் ஆகாது. எண்ணெயோ எரிபொருளோ இருந்த டிரம்மை நெருப்பால் வெட்டினால், உள்ளே எஞ்சிய ஆவி பற்றி வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். ஆதலின் பூச்சை முன்னரே அகற்றிக் காற்றோட்டமுள்ள வெளியில் வேலை செய்க. வெட்டிய விளிம்புகளை அரத்தால் மழுக்குதல் இன்றியமையாதது.

செப்பனிடுதலும் ஒரு கலையே. ஈர வைக்கோலும் சிறுநீரும் ஒருங்கே தங்கும் அடிப்பகுதியிலேயே இரும்பு முதலில் கெடும். ஆதலின் தட்டில் நீர் வடியத் துளைகள் இட்டு, தேங்கிய மக்கலை அடிக்கடி அகற்றுதல் வேண்டும். துருவின்மேல் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அது நில்லாது. நல்லிரும்பு தோன்றுமளவும் வெட்டிக் களைந்தபின்னரே ஒட்டுப் போடுக.

முறிந்த கம்பியைக் கட்டுக்கம்பியால் சுற்றி வைக்கும் வழக்கம் மிகக் கொடிது. மாடு தீவனத்தை ஆய்ந்து தின்பதன்று. நாவால் வளைத்து இழுத்து, முற்றும் மெல்லாமலே விழுங்கும். விழுங்கிய கம்பித் துணுக்கு இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கும். அவ்வறைக்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் என்னும் மெல்லிய தசைச்சுவரே உள்ளது. அறை சுருங்குந்தோறும் துணுக்கு முன்னோக்கித் துளைத்துச் சென்று, இதயத்தின் உறையையும் சீழ்ப்பிடிக்கச் செய்தல் உண்டு. திடீரெனப் பால் குறைதல், தீவனத்தை வெறுத்தல், முதுகைக் கூனி நிற்றல், சரிவில் இறங்கத் தயங்குதல் ஆகியன அதன் குறிகளாம். இவற்றைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் கூட்டையும் தரையையும் காந்தத்தால் துழாவித் துண்டுகளைப் பொறுக்கிய பின்னரே மாட்டை விடுக. ஈயம் கலந்த பழைய வர்ணமுள்ள இரும்பையும் தவிர்க்க. கன்றுகள் அதனை நக்கினால் நஞ்சேறி மடியும்.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள், தத்தம் தொழுவத்துக் கூட்டின் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்களாக. ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஒரு பசுவையே பற்றி நிற்கும் நாடு இது. அங்கே ஒரு முழக் கம்பியைச் செம்மையாகப் பற்றவைத்தலும் கற்றவர்க்குரிய கடமையே ஆகும்.