6 நாடு கடல் பாதுகாப்பு கூட்டணி: பட்டினப்பாக்கம் மீனவருக்கு என்ன லாபம்?

சென்னை,

"நேட்டோ மாதிரி நமக்கும் ஒரு கூட்டணி வருதாமே, நிஜமா?"

மயிலாப்பூர் லஸ் பக்கம் டீக்கடையில் பேப்பரை விரித்தால் இப்படி ஒரு கேள்வி வந்து விழும். இதில் பாதிதான் உண்மை. மீதி என்ன என்று பார்ப்போம்.

எப்படி தொடங்கியது?

2011-ம் ஆண்டு இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய 3 நாடுகளின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர்கள் கடல் பாதுகாப்பு பற்றி கூடிப் பேச ஆரம்பித்தார்கள். 2014-க்கு பிறகு அந்த பேச்சு அப்படியே நின்று போனது. 2020 நவம்பரில் கொழும்பில் மறுபடியும் உயிர் பெற்றது. ‘கொழும்பு பாதுகாப்பு மாநாடு’ என்ற பெயரும் வந்தது.

2022-ல் மொரீஷியஸ், 2024-ல் வங்காளதேசம் சேர்ந்தன. 2025 நவம்பர் 20-ந்தேதி டெல்லியில் நடந்த கூட்டத்தில் சீஷெல்சும் சேர்ந்தது. ஆக மொத்தம் 6 நாடுகள்.

இதற்கான சாசனம் 2024 ஆகஸ்டு 30-ந்தேதி கொழும்பில் கையெழுத்தானது. செயலகம் அமைவதும் அங்கேதான்.

நேட்டோவா இது?

இல்லை. 1949-ல் உருவான நேட்டோவில் ஒரு நாட்டின் மேல் கை வைத்தால் எல்லா நாட்டின் மேலும் கை வைத்த மாதிரி. பாகிஸ்தானும் சவுதி அரேபியாவும் 2025 செப்டம்பர் 17-ந்தேதி போட்ட ஒப்பந்தமும் இதே ரகம்தான்.

கொழும்பு மாநாடு அப்படிப்பட்ட ராணுவக் கூட்டணி கிடையாது. இதற்கு 5 வேலைகள். கடல் பாதுகாப்பு, தீவிரவாத தடுப்பு, கடத்தல் ஒழிப்பு, சைபர் பாதுகாப்பு, புயல்-வெள்ள காலத்தில் உதவி. அவ்வளவுதான்.

ராணுவக் கூட்டணி என்றாலே இந்தியா விலகி நிற்பது பழைய கதை. 1954-ல் ‘சீட்டோ’ கூட்டணி உருவானபோது பாகிஸ்தான் போய் சேர்ந்தது. நேரு ஒதுங்கிக் கொண்டார். அந்த சீட்டோ 1977-ல் கலைந்தே போனது. 1971-ல் சோவியத் ரஷியாவுடன் போட்ட ஒப்பந்தத்தில் கூட, ஆபத்து வந்தால் "உடனே கலந்து பேசுவோம்" என்றுதான் இருந்தது.

யாரைக் கேட்டு கையெழுத்து?

விவகாரமே இங்கேதான். அமெரிக்காவில் ஒரு உடன்படிக்கை செல்ல வேண்டும் என்றால் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம்ம நாட்டில் மத்திய அரசே கையெழுத்து போட்டு விடலாம். பாராளுமன்றத்தின் முன் அனுமதி கட்டாயம் இல்லை. அதை அமல்படுத்த சட்டம் தேவைப்பட்டால் மட்டும் அரசியல் சட்டத்தின் 253-வது பிரிவு பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மாநிலத்தைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இதனால் பட்ட அனுபவம் தமிழ்நாட்டுக்கு நிறையவே உண்டு. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கை வசம் போனது. அதை மீட்கச் சொல்லி 2025 ஏப்ரல் 2-ந்தேதி கூட சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். 1987 ஜூலை 29-ந்தேதி ராஜீவ்-ஜெயவர்த்தனே ஒப்பந்தம் வந்தது. இலங்கைக்கு போன அமைதிப்படையில் 1,100-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் படை சென்னை துறைமுகம் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

உடன்படிக்கை போடும் முறையை ஒழுங்குபடுத்த பாராளுமன்றம் தனி சட்டம் கொண்டு வர வேண்டும் என்று மத்திய-மாநில உறவு பற்றிய பூஞ்சி கமிஷன் 2010-ல் சொன்னது. அது இன்னும் பரிந்துரையாகவே கிடக்கிறது.

நம்ம கரைக்கு என்ன?

2004 சுனாமியில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பட்ட பாடு மறக்கக்கூடியதா? அதே அலை இலங்கையையும் மாலத்தீவையும் அடித்தது. 2025 நவம்பர் கடைசியில் ‘டிட்வா’ புயல் இலங்கையை புரட்டிப் போட்டது. இந்திய கடற்படை கப்பல்கள் நிவாரணத்துடன் ஓடின. அடுத்த சில நாட்களில் அதே புயலின் மிச்சம் சென்னையில் மழையாக கொட்டியது. கடலுக்கு எல்லைக்கோடு ஏது? 2008 மும்பை தாக்குதலுக்கு தீவிரவாதிகள் வந்ததும் ஒரு மீன்பிடி படகில்தான். அந்த வகையில் அக்கம்பக்கத்து நாடுகள் தகவலை உடனுக்குடன் பரிமாறிக் கொள்வது நொச்சிக்குப்பத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நல்லதுதான்.

ஆனால் ஒரு குறை. அந்த 5 வேலைகளில் மீனவர் கைது, படகு பறிமுதல் என்று தனியாக எதுவும் இல்லை. அதற்கென 2016-ல் அமைத்த இந்திய-இலங்கை கூட்டுக்குழு வேறு. பாக் ஜலசந்தியில் பிடிபடும் ராமேசுவரம் மீனவருக்கு கொழும்பு சாசனத்தால் நேரடி பலன் இல்லை என்பதுதான் இன்றைய நிலை.

கூட்டணி வரட்டும். ஆனால் கடலை நம்பி பிழைக்கிறவன் குரலும் மேஜைக்கு போக வேண்டும். குப்பத்தில் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்.

கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படைக்கு 1554, கடலோர பாதுகாப்பு போலீசுக்கு 1093. கடலுக்குப் போகிறவர்கள் இந்த எண்களை செல்போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.