செஞ்சி வட்டார வாழ்க்கை நிலையும் சமவுடைமை – முதலாளித்துவ விவாதமும்

சமவுடைமை – முதலாளித்துவ விவாதம் என்பது நிலம், ஆலை, மூலதனம் போன்ற உற்பத்திச் சாதனங்கள் யாருடைய உடைமையாக இருக்க வேண்டும், பொருள்களின் விலையையும் பங்கீட்டையும் சந்தை முடிவு செய்ய வேண்டுமா அரசு முடிவு செய்ய வேண்டுமா என்பவை பற்றிய கருத்து மோதல் ஆகும். வறிய நாடுகளின் வாழ்க்கை நிலையை இரு தரப்பினரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டுவர். நாடுகளின் பெயர்களை மட்டும் அடுக்கும்போது இவ்விவாதம் முடிவின்றி நீள்கிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி போன்ற ஒரு நெல் வட்டாரத்தில், அரிசி எவ்வாறு விளைந்து, விற்கப்பட்டு, உழைப்பவர் வீட்டை அடைகிறது என்று பார்த்தால், அரசும் சந்தையும் ஏழைகளுக்கு எதைத் தந்தன, எதைத் தரத் தவறின என்பதைத் தெளிவாக அறியலாம்.

இரு தரப்பு வாதங்கள்

சந்தை ஊரில் இருந்தாலும் கையில் காசில்லாதவருக்கு அதனால் பயனில்லை என்பது சமவுடைமைத் தரப்பின் அடிப்படை வாதம். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தனர். அரிசி விலை ஏறியபோது கூலி அதற்கு ஈடாக ஏறாததால், கூலித்தொழிலாளரும் மீனவரும் கைவினைஞரும் உணவு வாங்கும் சக்தியை இழந்தனர் என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

அரசு ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்தால் தவறைத் திருத்த வழியிருக்காது என்பது முதலாளித்துவத் தரப்பின் வாதம். 1958-இல் சீனாவில் கம்யூன்கள் அமைக்கப்பட்டன. வீட்டுச் சமையல் நீக்கப்பட்டு, பொது உணவுக்கூடங்களில் மட்டுமே உணவு கிடைத்தது. விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டிய கணக்குகளின்படி தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. அடுத்து வந்த பஞ்சத்தில் இறந்தவர் எண்ணிக்கை 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை மதிப்பிடப்படுகிறது.

இந்தியா இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தது. சமவுடைமைப் பாங்கிலான சமுதாயம் என்னும் இலக்கைக் காங்கிரசுக் கட்சி அறிவித்தது, 1955 சனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய மாநாட்டில்தான். 1991-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்கள் தனியார் துறைக்குப் பெரும் இடம் அளித்தன.

செஞ்சி வட்டாரம்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளைச் சுற்றி அமைந்தது செஞ்சிக் கோட்டை. 2025-இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியர் காலப் படைத்தளங்கள் பன்னிரண்டில், தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. கோட்டைக்குள் பெரிய களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையிட்ட இக்கோட்டைக்கு, சேமித்த தானியம் படைபலத்துக்கு இணையானதாக இருந்தது.

இன்று செஞ்சி ஒரு பேரூராட்சி. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் அமைந்துள்ள இவ்வூரைச் சுற்றிலும் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல், கரும்பு, மணிலா, உளுந்து ஆகியவை பயிராகின்றன. தமிழ்நாட்டில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகவே விழுப்புரம் நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்துள்ளது.

நெல் மூட்டையின் இரு வழிகள்

செஞ்சியில் விளையும் நெல் இரண்டு வழிகளில் விலையாகிறது. ஒன்று, ஊரார் "கமிட்டி" என்று அழைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். 1933-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்திலிருந்து வளர்ந்தது இம்முறை. இங்கு விவசாயி கொண்டுவரும் நெல் தனித்தனித் தொகுதிகளாக வைக்கப்படும். வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து, தாம் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதித் தருவர். ஒருவர் எழுதிய விலை மற்றவருக்குத் தெரியாததால் இது மறைமுக ஏலம் எனப்படுகிறது. மிகுந்த விலை குறித்தவருக்கு நெல் போகும். விலை கட்டுபடியாகாவிட்டால் விவசாயி விற்க மறுக்கலாம்.

வாங்குபவர் தனியார், எடையையும் ஏலத்தையும் கண்காணிப்பது அரசு அமைப்பு. ஆகவே இதனை முழுச் சந்தை என்றோ முழு அரசு வணிகம் என்றோ கூற முடியாது. ஆனால் விற்க மறுக்கும் உரிமை சட்டத்தில் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்த முடிவது வேறு. அறுவடை இயந்திர வாடகையும் உரக்கடனும் கழுத்தை நெரிக்கும்போது, மழை மேகம் திரளும்போது, சிறு விவசாயி அன்றைய விலைக்கே விற்றுவிட்டுப் போக வேண்டியுள்ளது. இதற்காகவே கிடங்கில் நெல்லை வைத்து அதன்பேரில் பெறும் பொருளீட்டுக் கடன் ஏற்படுத்தப்பட்டது. கிடங்கு வசதியும் கடனும் உரிய நேரத்தில் கிடைப்பவருக்கே விலை ஏறும்வரை காத்திருக்க முடிகிறது.

இரண்டாவது வழி நேரடி நெல் கொள்முதல் நிலையம். 1972-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இதன்வழியாக அரசு அறிவித்த விலையில் நெல்லை வாங்குகிறது. 2025–26 பருவத்துக்கு நடுவண் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். கொள்முதல் நிலையம் அருகிலிருந்து முறையாக இயங்கினால், வியாபாரி அதற்கு மிகக் குறைந்த விலையைக் கேட்பது கடினம். நிலையம் திறக்கத் தாமதமானால் அந்தப் பிடிமானம் விவசாயிக்கு இல்லாமற் போகிறது.

கரும்பின் நிலையும் ஒப்பிடத்தக்கது. செஞ்சி வட்டத்திலுள்ள செம்மேட்டில் தனியார் சர்க்கரை ஆலை உள்ளது. அதே மாவட்டத்துப் பெரியசெவலையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. உடைமை வேறானாலும் இருவகை ஆலைகளும் கரும்பு வாங்குவது ஒரே கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்தான். வெட்டிய கரும்பு விரைவில் எடையும் சர்க்கரைச் சத்தும் இழப்பதால், விவசாயி அதை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. தமிழ்நாட்டில் நிலுவைத் தொகை பற்றிய முறையீடுகள் தனியார், கூட்டுறவு ஆகிய இருவகை ஆலைகளின் மீதும் எழுந்துள்ளன. ஆலை யாருடையது என்ற கேள்விக்கான விடை மட்டும் விவசாயியின் நிலையை முடிவு செய்வதில்லை என்பதை இது காட்டுகிறது.

இருவேல்பட்டு: ஒரு நூற்றாண்டுப் பதிவு

இவ்வட்டாரத்துக் கூலித்தொழிலாளரின் வாழ்க்கை மாறிய விதத்தை அறிய அரிய சான்று ஒன்று உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆய்ந்தார். அவற்றுள் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அவ்வூர் பின்னர் 1930-களிலும் 1961-லும் 1981-லும் 2008-லும் மீண்டும் ஆராயப்பட்டது.

முதல் ஆய்வின்போது அங்குப் படியாள் முறை நிலவியது. படி என்பது தானியமாக அளக்கப்படும் கூலி. நிலவுடைமையாளரிடம் பட்ட கடனுக்காக அவரிடமே உழைத்த படியாள், அடைக்க முடியாத அக்கடனைத் தன் பிள்ளைகளுக்கும் விட்டுச்சென்றார். படியாட்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்களுக்கு வேலை, உணவு, கடன் ஆகிய மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வந்ததால், அந்த வீட்டை எதிர்த்துப் பேச முடியவில்லை.

2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் நடத்திய ஆய்வு, அந்தப் பிணைப்பு மறைந்துவிட்டதையும் பெருநிலக்கிழாரின் ஆதிக்கம் தளர்ந்துவிட்டதையும் பதிவு செய்தது. ஊருக்கு வெளியே கிடைத்த வேலை தொழிலாளருக்குப் புதிய வழியைத் திறந்தது. அதே காலத்தில் அரசின் பங்கும் பெருகியது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஒருவேளை உணவளித்தது. 1997-இல் நடுவண் அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டின்படி பிரித்தபோதும், தமிழ்நாடு அதனை அனைவருக்குமான திட்டமாகவே தொடர்ந்தது. 2006-இல் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய முதற்கட்ட மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. 2011 சூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது.

கடை அரிசி எந்த நிலவுடைமையாளரின் தயவிலும் வருவதில்லை. கட்டட வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் பேருந்தும் அவரது அனுமதியைக் கேட்பதில்லை. முன்னது அரசு தந்தது. பின்னதில் உள்ள வேலை சந்தை தந்தது. குறைந்த கூலியை மறுக்கும் வலிமையை இவ்விரண்டும் சேர்ந்தே வளர்த்தன.

இம்மாற்றம் எல்லோரையும் எட்டவில்லை. வட மாவட்டங்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணக் கடனுக்காகக் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டு, பின் மீட்கப்பட்ட நிகழ்வுகள் பல. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் இது நீடித்தது. குடும்ப அட்டையும் சாதிச் சான்றிதழும் வீட்டு மனையும் இல்லாத குடும்பத்துக்கு அரசின் உதவி சேர்வதில்லை. முன்பணம் வாங்கியதால் வேறு வேலைக்கும் போக முடிவதில்லை. பழைய படியாளின் நிலையே அங்கு வேறு பெயரில் தொடர்ந்தது.

பிற நாடுகளின் சான்றுகள்

இலங்கை 1940-களிலேயே அரிசிப் பங்கீடு, இலவசக் கல்வி ஆகியவற்றைத் தொடங்கி, வருமானம் குறைவாக இருந்தபோதே எழுத்தறிவிலும் ஆயுள் நீட்சியிலும் முன்னேறியது. 1953-இல் மானிய அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்டு 12-இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். எனினும் 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர் கல்வியிலும் உடல்நலத்திலும் பின்தங்கினர். 2021-இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே தடை விலக்கப்பட்டது.

வியட்நாமில் நிலம் இன்றும் சட்டப்படி மக்கள் அனைவரின் உடைமை. ஆயினும் 1986-இல் தொடங்கிய சீர்திருத்தத்தின்பின் எதைப் பயிரிடுவது, யாருக்கு விற்பது என்பவற்றில் குடும்பங்களுக்கு உரிமை கிடைத்தது. 1989-இல் அந்நாடு அரிசி ஏற்றுமதியாளராக மாறியது. மறுபுறம், முதலாளித்துவ வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டான தென் கொரியாவில், தொழில் வளர்ச்சிக்கு முன்பே நிலச் சீர்திருத்தம் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு 3 எக்டேர் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

மதிப்பீடு

ஒரு நாட்டுக்குச் சூட்டப்பட்ட பெயரைக் கொண்டு அங்குள்ள ஏழையின் நிலையை அறிய முடியாது என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன. நிதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அளவீட்டின்படி 2019–21-இல் தமிழ்நாட்டில் 2.20 விழுக்காட்டினரும், இந்தியா முழுவதும் 14.96 விழுக்காட்டினரும் வறியவர்கள். தமிழ்நாட்டின் சாதனையைச் சமூகநலத் திட்டங்களின் வெற்றி என்று ஒரு தரப்பும், தொழில் வளர்ச்சியின் வெற்றி என்று மறு தரப்பும் உரிமை கொண்டாடலாம். இருவேல்பட்டின் பதிவு இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுக்க இடம் தருவதில்லை.

படியாளுக்கு நிலவுடைமையாளரின் பத்தாயத்தைத் தவிர வேறு வழியில்லை. 1959-இன் சீன உழவருக்குக் கம்யூன் உணவுக்கூடத்தைத் தவிர வேறு வழியில்லை. முன்னவரின் எசமானர் தனியார், பின்னவரின் எசமானர் அரசு. இருவரும் ஒரே கதவின் முன் நின்றனர். எனவே வறிய நாடுகளைக் கொண்டு இவ்விவாதத்தை நடத்துவோர், விளைந்த நெல்லை விற்க விவசாயிக்கு எத்தனை இடங்கள் உள்ளன, வேலை இல்லாத மாதத்தில் கூலித்தொழிலாளர் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறது, இவ்விரு வசதிகளிலும் சேராமல் விடுபட்டவர் யார் என்று கேட்பது பயனுள்ளதாகும். செஞ்சி வட்டாரத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் முன்பைவிட நல்ல விடை உள்ளது. மூன்றாவது கேள்விக்கான விடையாக இன்னும் நிற்பவர்கள், அட்டையும் மனையும் இல்லாமல் சூளையில் முன்பணம் வாங்கும் குடும்பங்கள்.