கிழங்கைத் தனியே நட வேண்டாம்



வெற்றிலைவள்ளிக்கிழங்கு (நம்மில் சிலர் காச்சில் என்போம்) மண்ணுக்குள் முற்ற ஏறத்தாழ 9 மாதம் ஆகும். நம் அறக்கட்டளை விதைக்கிழங்கு வழங்கிய சில வீடுகளில் பாதியிலேயே கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். "வெறும் கொடிக்கு எத்தனை மாதம் தண்ணீர் ஊற்றுவது?" என்று கேட்டார்கள். குறை அவர்களுடையதல்ல. கிழங்கைக் கொடுத்த நாம், அதனோடு எதை நடுவது என்று சொல்லாமல் விட்டோம். அதை இப்போது சொல்கிறோம்.

சித்திரை, வைகாசியில் மழை கிடைத்ததும் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, மக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து முக்கால் பங்கு நிரப்புங்கள். கால் கிலோ அளவுள்ள துண்டை, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி நட்டு, மேலே சருகு மூடுங்கள். குழிக்குக் குழி 3 அடி இடைவெளி வேண்டும்.

முளைத்த கொடியைக் கயிறு கட்டி அருகிலுள்ள முருங்கையிலோ அகத்தியிலோ ஏற்றுங்கள். இவற்றின் நிழல் மெல்லியது. கொடிக்கு வெயில் தடைப்படாது. அடர்ந்த நிழலில் கிழங்கு பருக்காது.

குழிகளுக்கு இடையே அன்றே கீரை விதையுங்கள். ஒரு மாதத்தில் பறிக்கலாம். கூடவே ஊன்றும் குத்துத் தட்டைப்பயறு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்க்கும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். ஓரத்தில் மஞ்சளோ இஞ்சியோ நட்டால், கொடியின் நிழலைத் தாங்கி, கிழங்கோடு சேர்ந்தே அறுவடைக்கு வரும். இப்படி நட்டால் காத்திருக்கும் மாதங்களிலும் சமையலுக்கு ஏதாவது கிடைக்கும்.

சர்க்கரைவள்ளியை அருகில் விடாதீர்கள். படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கத்தரி, வெண்டை, தக்காளியின் வேரில் முடிச்சு கண்ட இடத்தையும் தவிருங்கள். அங்குள்ள நூற்புழு கிழங்கையும் தாக்கும்.

தை, மாசியில் இலை பழுத்துக் கொடி காய்ந்ததும், கிழங்கில் காயம் படாமல் தோண்டுங்கள். தோல் சீவும்போது கை அரிக்கலாம், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

கிழங்கின் தலைப்பகுதியை அடுத்த நடவுக்கு நிழலில் எடுத்து வையுங்கள். அதில் ஒரு துண்டு பக்கத்து வீட்டுக்கும் போகட்டும். சமைத்துக் கொடுத்தால் ஒரு வேளைக்கு ஆகும். விதையாகக் கொடுத்தால் ஆண்டுதோறும் பலன் தரும் ஸதக்கா.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.